தந்தையை இழந்த வீரரின் முகத்தைப் பகிராதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் களுவாஞ்சிக்குடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன். சென்ற வாரம் எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. முதலில் ஆப்கானிஸ்தான் கிரிக்கெட் வீரர் மொஹமட் நபி அடித்த சிக்ஸர்கள், அடுத்து இலங்கை வீரர் துனித் வெல்லாலகேயின் தோளில் கைபோட்டபடி பயிற்றுவிப்பாளர் எதையோ சொல்லும் காட்சி, பின்னணியில் சோகப் பாட்டு, முடிவில் உடைந்த இதயத்தின் படம். அதன் கீழே கண்ணீர் வடிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. அதை அனுப்பியவர் என்னிடம் படித்த இளைஞர், இளகிய மனம் உள்ளவர். துக்கத்தில் பங்குகொள்வதாக நினைத்துத்தான் அனுப்பியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும் அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

2025 செப்டெம்பர் 18ஆம் திகதி அபுதாபியில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆப்கானிஸ்தானின் கடைசி ஓவரை வீசிய வெல்லாலகேயின் பந்துகளில் நபி ஐந்து சிக்ஸர்கள் அடித்தார். அந்த ஓவரில் 32 ஓட்டங்கள் போயின. ஆனாலும் இலங்கை 6 விக்கெட்டுகளால் வென்றது. போட்டி முடிந்த பிறகுதான், கொழும்பில் தந்தை சுரங்க வெல்லாலகே மாரடைப்பால் காலமான செய்தி அந்த 22 வயது இளைஞருக்குச் சொல்லப்பட்டது. பயிற்றுவிப்பாளர் சனத் ஜயசூரியவும் அணி முகாமையாளரும் அருகில் நின்றார்கள். நின்ற இடம் மைதானம் என்பதால் கமெராக்களும் இருந்தன.

அன்றிரவே உலகம் முழுவதும் அந்தப் படம் பரவியது. ஐந்து சிக்ஸர்களையும் ஒரு மரணத்தையும் ஒரே வரியில் கோர்த்த தலைப்புகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நானே வாசித்தேன். மகன் அடி வாங்கியதைப் பார்த்துத்தான் தகப்பனின் நெஞ்சு வெடித்தது என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் எழுதினார். இன்னொருவர் நபியைக் கொலைகாரனைப் போலப் பேசினார். போட்டியின் பின் ஊடகவியலாளர் ஒருவர் சொல்லித்தான் நபிக்கே விடயம் தெரிந்தது. கேட்டவுடன் அவர் திகைத்துப்போனதையும், பிறகு சமூக ஊடகத்தில் வெல்லாலகேக்கும் குடும்பத்தினருக்கும் ஆறுதல் தெரிவித்ததையும் அந்த நண்பர் அறிந்திருக்கவில்லை. அந்தத் தோல்வியோடு நபியின் அணி தொடரிலிருந்தே வெளியேறியது. அந்த வேளையிலும் எதிரணி இளைஞனின் இழப்பு அவரைத் தொட்டது.

இந்தக் கோர்வையில் உள்ள கொடுமையைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். மாரடைப்பு ஒரு நொடியில் வந்து தாக்கினாலும், பெரும்பாலும் அதன் வேர் பல ஆண்டுகளாக இரத்தக் குழாய்களில் படிந்துவரும் கொழுப்பில் இருக்கிறது. கடும் மனக்கொந்தளிப்பு அதைத் தூண்டிவிடலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட மனிதருக்கு, ஒரு குறிப்பிட்ட மாலையில், எது காரணம் என்று சிகிச்சை அளித்த வைத்தியரே அறுதியிட்டுக் கூறத் தயங்குவார். நாமோ தொலைபேசியைத் தட்டித் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பை ஒருநாள் அந்த மகனும் வாசிப்பான். தான் வீசிய ஆறு பந்துகள்தான் தகப்பனைக் கொன்றன என்ற எண்ணத்தை இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றிவைக்க நமக்கு யார் உரிமை தந்தார்?

எங்கள் பகுதியில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் என்ன நடக்கும் என்பது மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீதி முனையில் வெள்ளைக்கொடி ஏறும். அழைப்பில்லாமலே சனம் வரும். வருபவரை யாரும் "வாங்க" என்று கூப்பிடுவதில்லை. போகிறவரும் "போயிற்று வாறன்" என்று சொல்வதில்லை. அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அயலில் இருந்து சோறு வரும். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஜனாஸா அறிவித்தலைச் சொன்னதும், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் தொழுகைக்குக் கூடுவதைப் பார்த்திருக்கிறேன்; அங்கும் அயலவர்தான் சமைத்துக் கொடுக்கிறார்கள். செத்தவீட்டில் உட்கார்ந்திருப்பவர் பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்க்கமாட்டார். பெண்கள் ஒப்பாரி வைத்து அழும்போது ஆண்கள் தலைகுனிந்து இருப்பார்கள். அந்தக் குனிதலில் ஒரு கண்ணியம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நாம், கடல் கடந்து ஒரு மைதானத்தில் நின்ற பிள்ளையின் முகத்தை மட்டும் எப்படி இவ்வளவு கூசாமல் பெரிதாக்கிப் பார்க்கிறோம்?

இதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று பல நாள் யோசித்தேன். ஏனெனில் இதே தவறை நானும் செய்திருக்கிறேன்.

1990களின் பிற்பகுதி. வலயமட்ட விளையாட்டுப் போட்டி. எங்கள் அணியில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வந்த பதினேழு வயதுப் பையன் ஒருவன் 1500 மீற்றர் ஓட்டத்தின் இறுதிச் சுற்றுக்குத் தெரிவாகியிருந்தான். கைத்தொலைபேசி இல்லாத காலம் அது. அவனுடைய தாய்மாமன் மண்டூரிலிருந்து 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வாவியைக் கடந்து, குருமண்வெளித் துறையில் இறங்கி, இரவல் சைக்கிளில் மைதானத்துக்கு வந்தார். பையனின் தகப்பன் அன்று காலை வயலில் விழுந்து இறந்துவிட்டார். கடமை செய்ய வேண்டிய மூத்த மகன் இவன்தான். மாமன் என் காதில் இதைச் சொன்னபோது, ஓட்டம் தொடங்கப் பத்து நிமிடங்கள்கூட இல்லை. "ஓடி முடியட்டும், அண்ணன், அதுக்குப் பிறகு சொல்லுவம்" என்று நான்தான் சொன்னேன். அவரும் தலையசைத்தார்.

பையன் இரண்டாவதாக வந்தான். மாகாணப் போட்டிக்குத் தெரிவாகிவிட்ட சந்தோசத்தில் சிரித்துக்கொண்டு என்னைத் தேடி ஓடி வந்தான். சுண்ணாம்புக் கோட்டின் அருகே, அந்த இடத்திலேயே, நான் சொல்லிவிட்டேன். நாலு அடி தள்ளி ஒரு வகுப்பறை இருந்தது. அங்கே கூட்டிச்செல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற மாணவர்கள் கேட்டுவிட்டார்கள். செய்தி கூடாரத்துக்குப் போனது. அறிவிப்பாளர் நல்லெண்ணத்தோடு ஒலிபெருக்கியில் விடயத்தைச் சொல்லி, எல்லோரையும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்கும்படி கேட்டார். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் எழுந்து அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் அழவில்லை. நெஞ்சில் குத்தியிருந்த இலக்கத் துணியைக் கழற்றப் பார்த்தான், ஊசி கழலவில்லை. அந்த ஒரு நிமிடம் முழுவதும் அவன் அந்த ஊசியோடு போராடிக்கொண்டிருந்தான்.

பல ஆண்டுகள் கழித்து மண்டூர்க் கோயில் திருவிழாவில் அவனைக் கண்டேன். கலியாணம் முடித்து, வயல் செய்துகொண்டிருந்தான். அன்றைய நாளைப் பற்றி மன்னிப்புக் கேட்கும் எண்ணத்தில் பேச்சை எடுத்தேன். அவன் சொன்னதை அவன் வாய்மொழியிலேயே தருகிறேன்: "ஓட விட்டது எனக்குக் கோவமில்ல சேர். அப்பா இருந்திருந்தாலும் ஓடித்தான் வரச் சொல்லியிருப்பார். ஆனா அத்தின பேரும் பாத்துக்கிட்டு நிக்கக்குள்ள சொன்னீங்களே, எனக்கு அழக்கூட ஏலாமப் போச்சு."

வெல்லாலகேயின் காணொளியைப் பார்த்த இரவு எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்டது இந்தக் குரல்தான். என் மாணவனைப் பார்த்தவர்கள் ஒரு மைதானத்தில் நின்றவர்கள் மட்டுமே, அன்றோடு கலைந்துபோனார்கள். துனித்தைப் பார்ப்பவர்களுக்குக் கணக்கில்லை, அந்தப் பார்வைக்கு முடிவும் இல்லை. ஜயசூரியவை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கையைத் தோளில் போட்டு, குரலைத் தாழ்த்தித்தான் சொல்லியிருப்பார். தள்ளி நின்று படம் பிடித்ததும், அதை வெட்டி ஒட்டி இசை சேர்த்ததும், இன்னும் அனுப்பிக்கொண்டிருப்பதும் மற்றவர்கள்.

தேநீர்க் கடைகளில் அந்த நாட்களில் இரண்டு வாதங்கள் நடந்தன. செய்தியை உடனேயே சொல்லியிருக்க வேண்டும் என்றனர் சிலர். வீடு சென்ற மகன் செப்டெம்பர் 20ஆம் திகதியே துபாயில் பங்களாதேஷுக்கு எதிராக விளையாடியது சரியா, பிழையா என்றனர் வேறு சிலர். இரண்டுமே அந்தக் குடும்பத்துக்குள் தீர வேண்டிய விடயங்கள். 1999 உலகக் கிண்ணத்தின்போது தந்தையை இழந்த சச்சின் டெண்டுல்கர் வீடு சென்று திரும்பி வந்து, கென்யாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 140 ஓட்டங்கள் எடுத்தார். 2020 நவம்பரில் அவுஸ்திரேலியாவில் இருந்த இந்தியப் பந்துவீச்சாளர் மொஹமட் சிராஜ், ஓட்டோ ஓட்டி வளர்த்த தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூடப் போகாமல் அணியோடு தங்கினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் சிட்னியில் தேசிய கீதம் இசைக்கையில் அவர் அழுதார். ஏன் அழுதேன் என்பதைப் பிறகு தானே சொன்னார். சொல்லலாம் என்று முடிவெடுத்தவர் அவர். ஆனால் இப்படித் திரும்பி வந்தவர்களின் கதைகளையே நாம் அடுக்கிக்கொண்டு போனால், நாளைக்குத் தாயை இழந்த ஒரு பெண் பிள்ளை, "முப்பத்தோராம் நாள் முடியும்வரை நான் பயிற்சிக்கு வரமாட்டேன்" என்று சொல்லும்போது, அவளை மனவலிமை இல்லாதவள் என்று நினைத்துவிடுவோம். எங்கள் பாடசாலை மைதானங்களில் இப்படிப்பட்ட பேச்சை நான் கேட்டிருக்கிறேன்.

புகழ்பெற்றவரின் துக்கத்தைப் பொதுமக்கள் துருவிப் பார்ப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் அனுபவம் போதும். 1993 ஜூலையில் அவரது தந்தை ஜேம்ஸ் ஜோர்டன், வட கரோலினாவில் நெடுஞ்சாலை ஓரம் காரை நிறுத்தி ஓய்வெடுத்துக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். மகனின் சூதாட்டப் பழக்கத்துக்கும் இந்தக் கொலைக்கும் தொடர்பு இருக்குமோ என்று அமெரிக்க ஊடகங்களில் எழுதவும் பேசவும் தொடங்கினார்கள். பிடிபட்டவர்கள் இரண்டு இளைஞர்கள். கொள்ளைக்காகச் செய்த கொலை என்றே வழக்கு நடந்து அவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். சூதாட்டத்தோடு எந்தத் தொடர்பும் நிறுவப்படவில்லை. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறீர்கள் என்ற பொருள்பட ஜோர்டன் அறிக்கை விட நேர்ந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் அவர் கூடைப்பந்தாட்டத்தை விட்டே விலகினார். கூடைப்பந்து என்றால் மட்டக்களப்பில் வெபர் மைதானத்துக் காலத்திலிருந்தே ஒரு தனிப் பிரியம் உண்டு. அந்த நாட்களில் எங்கள் பிள்ளைகளின் கொப்பி அட்டைகளில் ஜோர்டனின் படம் ஒட்டப்பட்டிருந்தது. அவர் ஏன் விலகினார் என்று அவர்கள் கேட்டபோது எனக்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை.

அபுதாபியில் நடந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது வர்ணனையாளர் ரசல் ஆர்னல்ட் பேசிய விதம். மரணச் செய்தியைச் சொன்ன அவர், சுரங்க வெல்லாலகேயும் ஒரு கிரிக்கெட் வீரர் என்பதையும், பாடசாலை நாட்களில் மொறட்டுவை வேல்ஸ் இளவரசர் கல்லூரி அணிக்குத் தலைமை தாங்கியவர் என்பதையும் நினைவுகூர்ந்தார். இறந்துபோனவருக்கு ஒரு பெயரும், இளமையும், ஆட்டமும் இருந்தன என்று அந்த ஒரு குறிப்பால் உலகம் அறிந்தது. எங்கள் செத்தவீடுகளிலும் மூத்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்: இறந்தவர் எந்த வயலை வெட்டித் திருத்தினார், யாருக்கு எந்த நேரத்தில் உதவினார், எந்தத் திருவிழாவில் காவடி எடுத்தார் என்று.

தங்களிடம் எனது வேண்டுகோள் இதுதான். ஒரு விளையாட்டு வீரருக்கோ வீராங்கனைக்கோ பெற்றோரின் மரணம் அறிவிக்கப்படும் கணத்தின் படத்தைத் தங்கள் பத்திரிகையும் இணையத்தளமும் வெளியிடுவதில்லை என்று ஒரு முடிவெடுங்கள். செய்தியைச் சொல்லுங்கள்; இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள்; அவர் யார் என்று எழுதுங்கள். ஆட்டத்தில் நடந்த தவறையும் மரணத்தையும் ஒரே தலைப்பில் சேர்க்காதீர்கள். வலயக் கல்வி அலுவலகங்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். போட்டி நாட்களில் இத்தகைய செய்தி வந்தால், பிள்ளையிடம் யார், எந்த மூடிய அறையில் வைத்துச் சொல்வது என்பதை முதலுதவிக் கூடாரத்துக்கு இடம் ஒதுக்குவதைப்போல முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள்.

காணொளியை அனுப்பிய இளைஞரை மறுநாள் சந்தித்து, என் மாணவனின் கதையைச் சொன்னேன். அவர் உடனே அதை அழித்தார். ஆனால் அதற்குள் அது வாழைச்சேனைக் குழுவொன்றுக்கும் அக்கரைப்பற்றுக் குழுவொன்றுக்கும் போய்விட்டதாக வருத்தத்தோடு சொன்னார். துனித்தைப் பற்றி அனுப்ப நல்ல காணொளி ஏதும் இருக்கிறதா என்றும் என்னிடம் கேட்டார். இருக்கிறது என்றேன். 2023 செப்டெம்பரில் கொழும்பில், தனது இருபதாவது வயதில், இந்தியாவுக்கு எதிராக அவர் கில், கோலி, ரோஹித், ராகுல், பாண்டியா ஆகிய ஐந்து பேரையும் ஆட்டமிழக்கச் செய்து, பிறகு துடுப்பெடுத்தாடி ஆட்டமிழக்காமல் 42 ஓட்டங்கள் எடுத்த அந்த நாளை அனுப்பச் சொன்னேன். அன்று மாலையே அனுப்பினார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
களுவாஞ்சிக்குடி.