எடைக்குப் போன ஜீனோ

அன்புள்ள சித்திக்கு,

நலம்தானே? ஏற்காட்டில் நாலு நாளாக மூடுபனி என்று தம்பி சொன்னான். இங்கே அம்மாபேட்டையில் காலை எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டுகிறது.

இருபத்தைந்து வருடமாக உங்களிடம் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன். நேரில் சொல்ல வாய் வராது. நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது, அதனால்தான் இப்படி. பரணில் நீங்கள் விட்டுப்போன தகரப்பெட்டியைக் கரையான் தின்றுவிட்டதாக அம்மா சொன்னாரே, அது கரையான் இல்லை, நான்தான். வீட்டுக்கு வெள்ளையடித்த மாதம் பெட்டியோடு சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டேன். பதினாலு கிலோ. தராசில் மேலாக இருந்தது நீங்கள் பைண்டு செய்து வைத்திருந்த சுஜாதாவின் தொடர்கதை 'என் இனிய இயந்திரா'. அட்டைக்கு வேறு விலை என்று கடைக்காரர் அதை மட்டும் பிய்த்து ஓரமாக எறிந்தார். கிடைத்த காசில் சினிமாவுக்குப் போனேன். என்ன படம் என்றுகூட இப்போது நினைவில்லை.

அந்த பைண்டிங் மட்டும் நினைவில் அப்படியே இருக்கிறது. வாராவாரம் விகடனின் பின்னைக் கழற்றி, சுஜாதாவின் பக்கங்களை மட்டும் உருவி, அலமாரியில் செங்கல் வைத்து அமுக்கி வைப்பீர்கள். தொடர் முடிந்ததும் கோணி ஊசியால் துளை போட்டு, சித்தப்பாவின் தறியில் மிச்சமான பட்டு நூலை மூன்று பிரியாக முறுக்கித் தைப்பீர்கள். மைதாப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் கலப்பீர்கள், பூச்சி வராமலிருக்க. நான் விரலை நக்கிவிடுவேனோ என்று என் கையை உங்கள் சேலைத் தலைப்பில் கட்டி வைத்தது ஞாபகம் இருக்கிறதா? மேலட்டைக்குப் பழைய காலண்டர் அட்டை. எத்தனையோ பைண்டிங் பார்த்துவிட்டேன், முதுகில் பட்டு நூல் மினுங்கும் புத்தகம் வேறெங்கும் பார்க்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு சேலம் புத்தகத் திருவிழாவில் அதே கதையைப் புதிய பதிப்பில் வாங்கினேன். இரண்டு இரவில் முடித்தேன். எல்லாம் இருந்தது. ஜீவா ஆளும் நாடு, நாயகி நிலா, புத்தகம் படிக்கிற அந்த இயந்திர நாய் ஜீனோ. கதை நடக்கிற காலம் நமக்கு வந்து, கடந்தும் போய்விட்டது. ஜீனோதான் இன்னும் வரவில்லை. ஆனாலும் ஏதோ குறைந்தது. என்னவென்று யோசித்துக்கொண்டே இருந்து பிறகுதான் பிடிபட்டது. உங்கள் பைண்டிங்கில் நிலா ஆபத்தில் மாட்டும் பக்கத்துக்குப் பின்னால் வடகம் போடும் குறிப்பு ஒன்று பாதியில் நிற்கும். அந்தப் பாதி வடகத்தோடு சேர்ந்துதான் என் மண்டையில் எதிர்காலம் பதிந்திருக்கிறது.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தப் பைத்தியம். பெட்டியில் என்னென்ன இருந்தன என்று நினைவிலிருந்து பட்டியல் எழுதி, ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தேன். வீட்டில் திட்டு தனியாக விழுகிறது.

முதலில் தேடியது ஜூல்ஸ் வெர்ன். சும்மா கிடைக்கும் என்று நினைத்தேன், அதில்தான் ஏமாந்தேன். 'மர்மத் தீவு' 1875-ல் பிரெஞ்சில் முழுமையாக வந்த புத்தகம். நீர்மூழ்கிக் கப்பல்காரரான கேப்டன் நெமோ யார் என்ற குட்டு அதில்தான் உடைகிறது. பந்தேல்கண்ட் ராஜாவின் மகன் தக்கார், திப்பு சுல்தானுக்கு உறவு. தம்பி மகனா, தங்கை மகனா என்று தெரியாது, பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே சொல். உங்களிடம் சொன்னால் முதலில் அதைத்தான் விசாரிப்பீர்கள். 1799-ல் இறந்தவருக்கு உறவான இளவரசர் 1857 புரட்சியில் சண்டை போடுவது வயசுக் கணக்கில் கொஞ்சம் இடிக்கிறது, போகட்டும். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு வெள்ளைக்காரனிடம் விட்டுக்கொடுத்த சீமைகளில் நம்ம சேலமும் ஒன்று. ஆக, அந்த நீர்மூழ்கிக் கப்பல்காரரின் கோபத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் முதலில் வாங்கிய ஆங்கிலப் பிரதியில் அந்தக் கோபமே சப்பென்று இருந்தது. கிங்ஸ்டன் பெயரில் வந்த பழைய மொழிபெயர்ப்பு அது. ஆங்கிலேயரைப் பற்றி நெமோ பேசும் இடங்களை மாற்றியும் மழுப்பியும் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் மலிவுப் பதிப்புகள் பலவற்றில் இதுதான் ஓடுகிறது. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கதையில் வரும் பொறியாளர் பெயர் ஸைரஸ் ஸ்மித். அதை அந்த மொழிபெயர்ப்பில் ஹார்டிங் என்று மாற்றிவிட்டார்கள். கடையில் நின்றபடியே நாலு பக்கம் புரட்டுவேன், ஹார்டிங் தென்பட்டால் கீழே வைத்துவிடுவேன். 2001-ல் வந்த புதிய மொழிபெயர்ப்பு ஒன்று கிடைத்த பிறகுதான் எனக்கு உறக்கம் வந்தது. இன்னொரு வேடிக்கை, முதலில் நெமோவைப் போலந்துக்காரராகத்தான் வெர்ன் நினைத்திருந்தாராம். ரஷ்யாவில் விற்பனை கெட்டுவிடும் என்று பதிப்பாளர் ஒப்பவில்லை. வியாபாரக் கணக்கில் தப்பி வந்து நம்மவரானவர் அவர்.

ரஷ்யா என்றதும் அந்தப் புத்தக வேன் நினைவுக்கு வருகிறது. சோவியத் புத்தகங்கள் விற்கும் என்.சி.பி.எச். (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்) வேன் வந்து நின்றால் நீங்கள் தறிக்கூலியில் மிச்சம் பிடித்து வைத்த சில்லறையை முந்தானையிலிருந்து அவிழ்ப்பீர்கள். ரஷ்ய எழுத்தாளர் பெல்யாயேவின் 'நீரிலும் நிலத்திலும் வாழும் மனிதன்' அப்படி வந்ததுதான், ஆங்கிலத்தில். 1928-ல் எழுதிய கதை. சுறாவின் செவுள் பொருத்தப்பட்ட பையன் இக்தியாந்தர், பொருத்திய டாக்டர் சல்வதோர், அர்ஜென்டினாக் கடற்கரை. எழுத்துக் கூட்டிப் படித்து நீங்கள் தமிழில் சொல்லச் சொல்ல, நான் மூக்கனேரியில் செவுள் முளைக்கிறதா என்று முங்கிப் பார்த்து அடி வாங்கினேன். சோவியத் யூனியன் உடைந்த 1991-க்குப் பிறகு அந்த மலிவு விலைப் புத்தகங்களின் வரத்து நின்றே போயிற்று. அதன் பழைய சோவியத் பிரதி ஒன்றை ஈரோட்டு நண்பர் கொடுத்தார். முகர்ந்து பார்த்தேன், அதே வாசனை.

மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோகிற காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியை நான் எடைக்குப் போடவில்லை, அந்தப் பழி வேண்டாம். 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கிய முதல் புத்தகம் அது. பள்ளிக்கூடத்தில் வாடகைக்கு விட்டுக் கிழித்தேன். இப்போது பழைய பிரதிக்குச் சொல்கிற விலையைக் கேட்டால் மின்சாரம் பாயாமலே மறைந்துபோகத் தோன்றுகிறது.

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் உங்கள் பெட்டியில் இல்லை, நானாகச் சேர்த்துக்கொண்டேன். 1956-லிருந்து இலங்கையில் வாழ்ந்தவர். 1979-ல் வந்த அவருடைய நாவல் ஒன்றில் பூமியிலிருந்து விண்வெளிக்கு லிப்ட் கட்டுகிறார்கள். கட்டும் இடம் சிவனொளிபாதமலையை மனதில் வைத்து எழுதிய ஒரு மலை. கணக்கு ஒத்துவரவேண்டுமென்று இலங்கையையே நிலநடுக்கோட்டுக்கு நகர்த்திவிட்டார் மனிதர்! கொண்டை ஊசி வளைவு பத்தாவது வருவதற்குள் எலுமிச்சம்பழம் கேட்கிற உங்களுக்கு அந்த லிப்ட் ரொம்பப் பிடிக்கும். 2008 பிப்ரவரி 27-ல் சுஜாதா போனார், மார்ச் 19-ல் கிளார்க் போனார். சரியாக மூன்று வாரம். சுஜாதா போன அன்று நீங்கள் போன் செய்து, "பெட்டியிலே ஏதாவது மிஞ்சியதா, பார்த்தாயா?" என்று கேட்டீர்கள். இல்லை சித்தி என்றேன். அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும்.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டி ஒரு வீட்டில் பழைய புத்தகங்களைக் கழிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். (அந்த ஸ்டூடியோ 1952-ல் அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்த காட்டுப் படம் ஒன்றில் மாமத் யானைகள் வரும், தெரியுமா? சேலத்துக்கு அறிவியல் புனைகதை ஒன்றும் புதிதில்லை.) அங்கே ஒரு மரப்பெட்டியின் அடியில் 'என் இனிய இயந்திரா' பைண்டிங் கிடந்தது. உங்களுடையது இல்லை. தையல் சாதாரணச் சணல் நூல். விகடன் பக்கங்கள்தான், ஓரம் பழுப்பேறி, அப்பளம் மாதிரி நொறுங்குகிறது.

நடுவில் ஒரு வாரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அந்த இடத்தில் கோடு போட்ட நோட்டுத் தாள் எட்டு. யாரோ நீல மசியில் அத்தியாயம் முழுவதையும் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். அடித்தல் திருத்தல் இரண்டே இடத்தில். படம் வரவேண்டிய இடத்தில் கட்டம் போட்டு, பென்சிலில் ஜீனோ. ஒரு காது பெரிசு, ஒரு காது சின்னது. கடைசியில் 'தொடரும்' என்று எழுதி அடிக்கோடு வேறு. அந்த வீட்டு அம்மாவிடம் யார் கையெழுத்து என்று கேட்டேன். மாமியாராக இருக்கும் என்றார், அவ்வளவுதான்.

ஆனால் கடைசி இரண்டு வாரப் பக்கங்கள் இல்லை. ராமபாணப் பூச்சி அரித்து, மிஞ்சியதும் உதிர்ந்துவிட்டது. அச்சுப் புத்தகம் கையில் இருக்கிறது, ஜெராக்ஸ் எடுத்துச் செருகலாம். மனசு வரவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மேலே வருகிறேன். புதுப் பதிப்பு, கோடு போட்ட நோட்டு, மசிப் பேனா எல்லாம் பையில் இருக்கும். திட்டுவதை முதல் அரைமணியில் முடித்துவிட்டு எழுத ஆரம்பியுங்கள், கை வலித்தால் நான் வாசிக்க நீங்கள் படம் மட்டும் போடுங்கள். சித்தப்பாவிடம் பட்டு நூல் இருக்கிறதா என்று பார்த்து வைக்கச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் புத்தகத்தை நான் கீழே கொண்டு வந்துவிடுவேன், அங்கே விட்டால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். தட்டுவடை செட் வாங்கி வருகிறேன், வடை தனியாக, காயும் சட்னியும் தனியாக, போன தடவை மாதிரி நமத்துப்போகாது.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்