வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை, திருகோணமலை

தலைவர் அவர்களே, போசகர் அவர்களே, அன்பான உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத் தீர்மானத்தின்படி இவ்வாண்டு ஒரே வகை நாவல்களையே வாசித்தோம். இரண்டு காலங்களில் நடக்கும் கிறிஸ்தவ வரலாற்றுக் காதல் நாவல்கள் அவை. அமெரிக்கக் கிறிஸ்தவப் பதிப்பகங்கள் இவற்றை நிறையவே வெளியிடுகின்றன. தமிழில் எங்கள் கைக்கு எதுவும் அகப்படவில்லை; ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் கதைத்தோம்.

வாசிக்காத உறுப்பினர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இக்காலப் பெண் ஒருத்தி அம்மம்மாவின் பெட்டியில் ஒரு கடிதக் கட்டைக் காண்பாள். அடுத்த அத்தியாயத்தில் நாம் குண்டு விழும் லண்டனில் நிற்போம். இரண்டு காதல்களும் மாறி மாறி நகரும். அன்று மறைத்தது இன்று வெளிவரும். படுக்கையறைக் கதவு மூடியே இருக்கும். விசுவாசம் தளர்ந்தவர் கடைசியில் திரும்பி வருவார்.

அநேகமாக எல்லாக் கூட்டங்களிலும் பழைய காலத்துக் கதைதான் வென்றது. அங்கே காதலுக்குக் குறுக்கே போரும் கடலும் வந்துசேராத தபாலும் நிற்கின்றன. இக்கால நாயகிக்குக் குறுக்கே நிற்பது அவளுடைய தயக்கம் மட்டுமே. ஒரு போன் எடுத்தால் பாதிப் புத்தகம் முடிந்துவிடும். உபதலைவி அக்கா இதை ஏற்கவில்லை. அன்று நடந்தது வாசகருக்குத் தெரியும், தேடுகிறவளுக்குத் தெரியாது, அந்த இடைவெளியில்தான் ருசி என்றார். அதுவும் சரிதான்.

கேட்டவுடன் ஜெபத்துக்குப் பதில் கிடைத்துவிடுவது சூடான விவாதமானது. கதாசிரியர் அவசரப்படுகிறார் என்று குறைசொன்னவர்கள் கிறிஸ்தவ உறுப்பினர்களே. அப்பர் பாடி மறைக்காட்டுக் கதவு திறந்ததைக் கேட்டு வளர்ந்த நாங்கள் இதற்கு ஏன் முகம் சுளிக்கவேண்டும் என்று மூத்த சைவ உறுப்பினர் ஒருவர் கேட்டதும் சபை சிரித்துவிட்டது.

திருகோணமலையின் சுவாமிமலைப் பாறைக்குப் போன மாலையைச் சற்று விரித்தே எழுதவேண்டும். போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்த அந்தப் பாறையில், பழைய கோயிலின் தூண் என்று கருதப்படும் கல் ஒன்று நிற்கிறது. அதில் 1687ஆம் ஆண்டைக் குறித்த ஒல்லாந்தர் எழுத்து. காதலன் கப்பலேறிப் போனதால் பிரான்சினா வான் றீட் என்ற பெண் அங்கிருந்து கடலில் பாய்ந்தாள் என்பது ஊர்க்கதை. ஆனால் அவள் அதற்குப் பிறகும் உயிரோடிருந்து திருமணம் செய்ததாக ஒல்லாந்தர் ஏடுகளை ஆதாரம் காட்டி எழுதியவர்களும் உண்டு. ஊர் ஒன்று சொல்கிறது, ஏடு வேறொன்று சொல்கிறது. இதைவிட நல்ல இரட்டைக்காலக் கதைக்கரு நாங்கள் வாசித்த எந்த நாவலிலும் இல்லை என்பது செயலாளரின் சொந்த அபிப்பிராயம். கூட்டக் குறிப்பில் சேர்க்கவேண்டியதில்லை.

எஸ்பிளனேட் சேமக்காலைக்கும் போனோம். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஆஸ்டின் 1852இல் பர்மாவில் இறந்து இந்தச் சேமக்காலையில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அக்காவின் புத்தகங்களைப் பாடமாகப் படித்த எங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கவில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கிய சீனன்குடா எண்ணெய்க் குதங்கள் பக்கம் போகும் திட்டம் மழையால் கைவிடப்பட்டது.

அப்புறம், லண்டனையும் பாரிசையும் எத்தனை தரம்தான் வாசிப்பது? அந்த ஏப்ரல் காலையையும் இன்றைய திருகோணமலையையும் வைத்து உறுப்பினர்களே ஆளுக்கொரு அத்தியாயமாகத் தமிழில் எழுதவேண்டும் என்று செயற்குழு பிரேரிக்கிறது. வீட்டில் பழைய கடிதமோ ஞானஸ்நானப் பத்திரமோ இருந்தால் கொண்டுவாருங்கள். முதலாவது அத்தியாயத்தை உபதலைவி அக்கா ஏற்றிருக்கிறார். நாயகி போன் எடுப்பாளா என்பதை இன்னும் சொல்லவில்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். இரவல் பெற்ற புத்தகங்களை, முக்கியமாகக் கடைசி அத்தியாயம் கழன்றிருக்கும் அந்த நாவலை, அடுத்த கூட்டத்துக்கு முன் தந்துவிடுங்கள், கழன்ற தாள்களோடு.

செயலாளர்