இழப்பீட்டை உங்கள் துறையிடமிருந்து மாற்றுங்கள்

பிரித்தானிய உள்துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 22 வந்தால் விண்ட்ரஷ் நாள் கொண்டாடுகிறோம்; 1948இல் விண்ட்ரஷ் கப்பலில் வந்தவர்கள் தொடங்கி, கரீபியன் தீவுகளிலிருந்து இங்கே குடியேறிய தலைமுறைக்கான நாள் அது. 2022இல் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் சிலையும் வைத்தாயிற்று. நல்ல உடுப்பு உடுத்தி, பெட்டிக் குவியலின் மேல் நிற்கும் அப்பா, அம்மா, பிள்ளை. சரி, மகிழ்ச்சி. ஆனால் அந்தத் தலைமுறையினரைச் சட்டவிரோதமாகத் தங்கியவர்கள்போல உங்கள் துறை நடத்தியதற்கான இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தவர்களில் பலர் பணத்தைக் காணாமலே இறந்துபோனார்கள். அந்தப் பொறுப்பை உங்கள் துறையிடமிருந்து எடுத்து, ஒரு சுயாதீன அமைப்பிடம் கொடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். ஜமைக்காவிலிருந்தும் பார்படோஸிலிருந்தும் பெற்றோரின் பாஸ்போர்ட்டிலேயே சிறு வயதில் வந்தவர்கள் பலர். 1973க்கு முன்பே குடியேறியதால் தங்கும் உரிமை சட்டப்படி இருந்தது. காலமெல்லாம் உழைத்து வரி கட்டியவர்களிடம், இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஆவணம் கேட்டார்கள். 1987ஆம் ஆண்டுச் சம்பள ரசீதை யார் எடுத்து வைத்திருப்பார்கள்? கப்பலில் வந்திறங்கியவர்களின் பதிவு அட்டைகள் உங்கள் துறையிடம்தான் இருந்தன. 2010இல் அவற்றை அழித்ததும் உங்கள் துறைதான். அத்தாட்சி இல்லையென்று வேலை போனது, வீடு போனது. புற்றுநோய் சிகிச்சைகூட நின்றது.

இவர்கள் யாரிடமும் கையேந்தி வாழ்ந்தவர்கள் அல்ல. வங்கி கடன் தராதபோது 'பார்ட்னர்' போட்டார்கள். நம் ஊர்ச் சீட்டு மாதிரிதான்: வாரா வாரம் கட்டி, முறை வரும்போது மொத்தமாக எடுத்து, லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் வீட்டுக்கு முன்பணம் கொடுத்தார்கள். 1958இல் லண்டனின் நாட்டிங் ஹில்லில் வெள்ளையர் கும்பல்கள் இவர்களைத் தாக்கின. அடுத்த ஜனவரியிலேயே டிரினிடாடில் பிறந்த பத்திரிகையாளர் கிளாடியா ஜோன்ஸ் செயின்ட் பாங்க்ரஸ் மன்றத்தில் கார்னிவல் என்னும் கரீபியன் கலைவிழாவை நடத்தினார். பள்ளிகள் பிள்ளைகளை மந்தபுத்தி என்று ஒதுக்கியபோது சனிக்கிழமைப் பள்ளிகள் தொடங்கினார்கள். அப்புறம் வந்த எங்களைப் போன்றவர்கள் இந்த நகரத்தில் தலைநிமிர்ந்து நடக்க, இவர்கள் பட்ட பாடும் ஒரு காரணம்.

இந்த அநீதியை ஆராய்ந்த வெண்டி வில்லியம்ஸ் அறிக்கையின் 30 பரிந்துரைகளையும் ஏற்பதாக அரசு சொன்னது. 2023 ஜனவரியில் மூன்றைக் கைவிட்டது. பாதிக்கப்பட்டவர்களோடு நேரில் உட்கார்ந்து பேசும் நல்லிணக்க நிகழ்ச்சிகளும் அவற்றில் ஒன்று. முகம் பார்த்துப் பேசக்கூட முடியாதா?

என் கோபத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது புதிதும் அல்ல. நாடாளுமன்ற உள்விவகாரக் குழுவே 2021இல் இதைத்தான் சொன்னது. தீங்கு செய்த துறையிடமே போய் நியாயம் கேட்க வைக்காதீர்கள். தயவுசெய்து இழப்பீட்டுத் திட்டத்தைச் சுயாதீன அமைப்பிடம் ஒப்படையுங்கள். விண்ணப்பிப்பவர்களின் வழக்கறிஞர் செலவையும் அரசே ஏற்கட்டும்.

இப்படிக்கு,
லண்டனில் வாழும் ஒரு தமிழ்ப் பெண்