மரபணு இருந்தால் போதுமா?

அன்புள்ள மாலதி,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. இங்கு அனைவரும் நலம். ரகு இன்னமும் அதே ரகுதான்.

உன் ஆய்வுத் திட்டத்தைப் படித்ததிலிருந்து ஒன்றே மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. மலமாதிரிகளில் டிஎன்ஏவை மட்டும் படித்து, குடலின் சளிப்படலத்தை எந்த பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன என்று முடிவுகட்டப் பார்க்கிறாய். சமையலறையில் கத்தி இருப்பதாலேயே காய் நறுக்கியாகிவிட்டது என்று நீ ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டாயே! பாக்டீராய்டிஸ் தீட்டாயோட்டாமைக்ரான் என்ற குடல் பாக்டீரியா, உணவில் நார்ச்சத்து வரும்வரை பெரும்பாலும் அதையே தின்கிறது. அது நின்றுபோனால் சளிப்படலத்தை ஆக்கும் புரதமான மியூசினின் சர்க்கரைச் சங்கிலிகளுக்குத் திரும்புகிறது. இரண்டு நிலையிலும் அதன் மரபணுக்கள் அவையேதான். மனிதக் குடல் பாக்டீரியாக்களை மட்டும் குடியேற்றிய எலிகளுக்கு நார்ச்சத்தை நிறுத்தியபோது சளிப்படலம் மெலிந்ததை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது நினைவிருக்கும்.

ஆகவே நொதியின் செயலையே அள. முறை எளியது. மலத்தைப் பஃபரில், அதாவது அமிலநிலை மாறாமல் காக்கும் கரைசலில், கரைத்து, செல்களைச் சோனிகேட்டர் என்ற ஒலியலைக் கருவியில் உடைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றித் தெளிந்த சாற்றை எடு. மியூசின் சங்கிலிகளில் உள்ள ஃபியூக்கோஸ், கேலக்டோஸ், என்-அசிட்டைல்குளுக்கோசமைன் ஆகிய சர்க்கரைகளையும் சல்ஃபேட்டையும் பாரா-நைட்ரோஃபீனால் பிணைத்த வடிவில் எடுத்து, சோதனைத் தட்டின் தனித்தனிக் குழிகளில் சாற்றுடன் சேர்த்து 37 டிகிரியில் வை. நொதி பிணைப்பை வெட்டினால் மஞ்சள் நிறம் வரும், அதை 405 நானோமீட்டரில் படிக்கலாம். அமில பஃபரில் அந்த நிறம் தெரியாது என்பதால் இறுதியில் சோடியம் கார்பனேட் சேர்க்க மறவாதே. மலச்சாற்றுக்கே பழுப்பு நிறம் உண்டு. எனவே ஒவ்வொரு மாதிரிக்கும் நைட்ரோஃபீனால் பிணைத்த பொருள் சேர்க்காமல் சாறு மட்டும் உள்ள குழி ஒன்று கட்டாயம் வேண்டும். புரத அளவால் வகுக்காத எண்களை நம்பவே நம்பாதே, நீர்த்த மலமும் இறுகிய மலமும் ஒன்றல்ல.

என் உண்மையான கவலை இதற்கு அப்பால் இருக்கிறது. இந்தச் செயற்கைப் பொருளை வெட்டுகிற நொதி, கிளைவிட்டு சல்ஃபேட் போர்த்திய மியூசினையும் வெட்டும் என்பதற்கு உறுதியில்லை. தீட்டாயோட்டாமைக்ரானில் சல்ஃபேட்டை வெட்டும் நொதியான சல்ஃபேட்டேஸ் ஒன்றே ஒன்றை நீக்கினாலே பெருங்குடல் மியூசினை அதனால் பயன்படுத்த முடிவதில்லை என்று 2021-இல் காட்டினார்கள். அத்தகைய நொதிகள் தாம் வெட்டும் சர்க்கரையையும் அதில் சல்ஃபேட் அமர்ந்த இடத்தையும் பார்த்தே வேலை செய்பவை, எளிய நைட்ரோஃபீனைல் சல்ஃபேட்டை அவற்றில் பல தொடுவதுகூட இல்லை. போதாததற்கு, குடற்சுவரிலிருந்து உதிரும் நம் செல்களிலும் ஃபியூக்கோஸை வெட்டும் நொதி உண்டு. ஆகவே சில மாதிரிகளிலாவது தூய மியூசினையே சாற்றுடன் வைத்து, விடுபடும் சர்க்கரையை அளந்து ஒப்பிட்டுப் பார். செல்வி இதற்குச் சலித்துக்கொள்வாள். நான் சொன்னேன் என்று சொல்.

மாதிரிகளைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைக்காமல், இப்போதே சிறுசிறு பங்குகளாகப் பிரித்து வைத்துவிடு. எந்த பஃபர், எந்த அமிலநிலை என்று நீ முடிவுசெய்வதற்குமுன் எனக்கு எழுது. நாம் பேசிவிட்டுத் தொடங்கலாம்.

அன்புடன்,
வசந்தா