பேரேட்டை இனி நான் மட்டும் எழுத மாட்டேன்

சனிக்கிழமை மாலைகளில் வாயனசாலை நூலகத்தின் மாடிக்கு வந்து நிரலாக்கம் கற்றவர்களுக்கும், இப்போது கற்றுக்கொண்டிருப்பவர்களுக்கும்,

வணக்கம். ஐந்து ஆண்டுகளாக மாடி அறையின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. நான்கு மணிக்குத் திறந்து, இரண்டு கணினிகளையும் இயக்கி, நீளப் பேரேட்டை மேசையில் விரித்து வைத்தால், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் ஆகிய ஊர்களிலிருந்தும், சில வாரங்களில் கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கள் கேள்விகளை எழுதுகிறார்கள். விடை சொல்வது, குழம்பிய கேள்வியைத் திருத்தி எழுதுவது, முன்பே வந்த கேள்வி என்றால் பழைய பக்கத்தைக் காட்டுவது, கேலி செய்பவரை அடக்குவது, கல்லூரிப் புராஜெக்டை முழுவதுமாகச் செய்துதரச் சொல்பவரைத் திருப்பி அனுப்புவது என்று எல்லாமே நான் ஒருவனே பார்க்கும் வேலையாகிவிட்டன. இதில் எனக்குள்ள சிரமத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒருவனே பார்ப்பதால் வேலை கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

கேரளப் பள்ளிகளில் 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற கணினிக் கல்வித் திட்டமாகத் தொடங்கி, 2017இல் கைட் என்ற நிறுவனமாக மாறிய ஏற்பாட்டினால், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலூக்கின் தமிழ் மீடியப் பிள்ளைகளும் பைத்தான் நிரல்மொழியைப் பள்ளியிலேயே தொட்டுவிடுகிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. எழுதிய நிரல் வீட்டில் ஓடாமல் நின்றுவிட்டால் கேட்பதற்குத்தான் ஆள் வேண்டியிருக்கிறது. நம் ஊரில் கேள்வியைப் புரிந்துகொள்வதே பாதி வேலை என்பதும் உங்களுக்குத் தெரியும்: தமிழ் பேசி மலையாளத்தில் எழுதுகிறவர், மலையாளம் பேசியும் எழுத வராதவர், இரண்டையும் ஆங்கில எழுத்தில் போடுகிறவர் என மூன்று வகையினரும் ஒரே பேரேட்டில்தான் எழுதுகிறார்கள்.

பேரேட்டின் 41ஆம் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். பால் சொசைட்டிக் கணக்குக்காக இரண்டு ஊர்ப்பெயர்ப் பட்டியல்களை ஒப்பிட ஒரு பிளஸ் டூ மாணவி நிரல் எழுதியிருந்தாள். இரு பட்டியலிலும் 'கொழிஞ்சாம்பாறை' என்றே இருந்தும் இரண்டும் ஒன்றில்லை என்று பைத்தான் சாதித்தது. பெயருக்குப் பின்னால் வெற்றிடம் ஒட்டியிருக்கும், அதை நீக்கினால் போதும் என்று சிவப்பு மையில் விடை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அது தவறான விடை. முதலாண்டுப் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் இரண்டு மாதம் கழித்து எதற்கோ அந்தப் பக்கத்தைப் புரட்டியபோது, இரு பெயர்களின் நீளத்தையும் கேட்டுப் பார்த்திருக்கிறார். ஒன்று 14, மற்றது 15.

கண்ணால் எண்ணினால் அந்தப் பெயரில் ஏழு எழுத்துகள்தான். பைத்தான், எழுத்துகளைக் கணினியில் வைக்கும் யூனிகோடு முறையின் குறியீடுகளை எண்ணுவதால் மெய்யின் புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கில் சேர்ந்து 14 ஆகின்றன. 'கொ'வில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். முன்னால் நிற்கும் கொம்பு, பின்னால் நிற்கும் கால் என இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். யூனிகோடேட்டா நூலகத்தின் நார்மலைஸ் செயற்கூறைக் கொண்டு இரு பட்டியல்களையும், அந்த உயிர்க்குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றியதும் பெயர்கள் பொருந்திவிட்டன. நான்கு வரி வேலை. அந்தத் தம்பியைப் போல மூன்று பேர் அன்றைக்கே மேசையில் இருந்திருந்தால் அது அன்றைக்கே முடிந்திருக்கும். மாணவியிடம் கேட்டேன். வெற்றிடத்தை நீக்கியும் சரிவராதபோது, அண்ணன் எழுதியது தவறாக இருக்காது, பிழை தன்னிடம்தான் என்று நினைத்துப் பட்டியலைக் கையாலேயே ஒப்பிட்டு முடித்தாளாம். சிவப்பு மை என்னிடம் மட்டும் இருப்பதால் வந்த வினை அது.

இன்னொன்று, எழுதவே கூச்சமாக இருக்கிறது. தமிழ் சி.எஸ்.வி. கோப்பைத் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) திறப்பது பற்றி வேலந்தாவளத்துச் சிறுவன் ஒருவன் கேட்டபோது, "இதை எத்தனை தடவை சொல்வது?" என்று எரிச்சலோடு பழைய பக்கத்தைக் காட்டிவிட்டேன். பழைய பக்கத்தில் இருந்தது குறியேற்றத்தை, அதாவது எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறையை, யு.டி.எஃப்-8 என்று குறிப்பிடாத சிக்கல். அவன் அதைக் குறிப்பிட்டிருந்தான். எக்செல் சேமித்த கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று இருந்ததால் முதல் நெடுவரிசையின் பெயர் மட்டும் பொருந்தாமல் போயிருந்தது. குறியேற்றத்தின் பெயரோடு 'சிக்' (-sig) என்ற பின்னொட்டைச் சேர்த்தால் தீரும் சங்கதி. ஏற்கெனவே கேட்ட கேள்வி என்று நான் மூடியது வேறொரு கேள்வியை. அந்தப் பையன் அதன்பிறகு வரவில்லை.

உலகம் முழுவதிலுமிருந்து நிரலாளர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இணையதளம் 2008இல் தொடங்கியதிலிருந்தே இந்தப் பொறுப்பைப் பலரிடம் பகிர்ந்தளித்து வருகிறது. நல்ல விடைகளால் மதிப்பெண் சேர்த்தவர்களுக்குப் பிறர் கேள்வியைத் திருத்தும் உரிமை வருகிறது, பிறகு கேள்வியை மூட, அதாவது இனி விடை எழுத முடியாதபடி நிறுத்த, வாக்களிக்கும் உரிமை வருகிறது. பொதுவாக மூன்று பேர் வாக்களித்தால்தான் ஒரு கேள்வி மூடப்படுகிறது. அங்கேயும் புதியவர்களை விரட்டுகிறார்கள் என்ற புகார் ஓயவில்லை, ஆகவே அதை அப்படியே பெயர்த்து இங்கே நடச் சொல்லமாட்டேன். ஒருவர் கையால் மட்டும் ஒரு கேள்வி மூடப்படக் கூடாது என்ற எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். நமக்கு இரண்டு பேர் போதும். இருவரும் கையொப்பமிட்டு, மூடியதன் காரணத்தைக் கேட்டவருக்குப் புரியும் மொழியில் ஒரு வரி எழுத வேண்டும்.

"எனக்கு அந்த அளவுக்குத் தெரியாதே" என்று உங்களில் பலர் சொல்வீர்கள். போன மாதம் ஒரு பையன் கணினித் திரையைச் செல்பேசியில் கோணலாகப் படமெடுத்து வந்தான். பிழைச்செய்தியின் கடைசி வரி படத்தில் விழவில்லை. நான் நிரலை மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண், கடைசி வரியில்தான் பிழையின் பெயர் இருக்கும், அது இல்லாமல் என்ன பார்க்கிறீர்கள் என்றாள். அவள் அதைக் கற்றுக்கொண்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. தடுக்கி விழுந்த இடம் அண்மையில் விழுந்தவருக்குத்தான் நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு அந்தக் கற்கள் எல்லாம் தேய்ந்துபோய்விட்டன. ஆகவே மூன்று மாதம் வந்தவர் எவரும் கேள்வியைத் திருத்தி எழுதலாம், கேட்டவரிடம் முழுப் பிழைச்செய்தியையும் கேட்டு வாங்கலாம், விடையும் எழுதலாம். எந்த விடையானாலும் இன்னொருவர் ஓட்டிப் பார்த்துக் கையொப்பமிடும்வரை அது பென்சிலில்தான் இருக்க வேண்டும், என் விடை உட்பட.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாட்ஜிபிடி வெளியான சில நாள்களிலேயே, 2022 டிசம்பரில், அதன் விடைகளை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தடைசெய்தது. பார்வைக்குச் சரியாகத் தெரியும் தவறான விடைகள் சரிபார்ப்பவர்களால் சமாளிக்க முடியாத வேகத்தில் குவிந்ததுதான் காரணம். அப்படிப்பட்ட விடைகளை நீக்குவதற்கு நிறுவனம் கட்டுப்பாடு விதித்தபோது, 2023 ஜூனில் அங்கே பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநர்கள் பலர் வேலைநிறுத்தமே செய்தார்கள். நம் மாடியில் தடை எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டில் அதனிடம் கேட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் வருகிறீர்கள். ஓட்டிப் பார்க்காததைப் பேரேட்டில் எழுதாமல் இருந்தால் போதும்.

வாயனசாலையையே உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுதான் நடத்துகிறது. கணக்கு ஒருவர், புத்தகம் ஒருவர், வாசகர் கூட்டம் ஒருவர் என்று பிரித்துப் பார்க்கிறார்கள். அதே கட்டடத்தின் மாடியில் மட்டும் ஒற்றை ஆளின் தர்பார் நடப்பது பொருத்தமாக இல்லை. கோவைச் சரவணம்பட்டிக்கும் கொச்சிக்கும் வேலைக்குப் போய்விட்டவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை ஊருக்கு வரும்போது இரண்டு மணி நேரம் தரலாம். பேருந்து தாமதமானால் பேரேட்டைப் படமெடுத்து அனுப்புகிறோம், அங்கிருந்தே சரிபாருங்கள். விடை கிடைத்ததும் வராமல் போனவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் இதுவரை யாரையும் முறையாக அழைத்ததில்லை என்ற குற்றமும் என்னுடையதுதான்.

வரும் வாரம் முதல் சாவி கீழே நூலகரிடம் இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து கையொப்பமிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் வேறு இருவர். சிவப்புப் பேனாவை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். நான் வருவேன், ஜன்னலோர நாற்காலியில் கேள்வியோடு உட்காருவேன். தமிழ்ப் பெயர்களைப் பைத்தானில் வரிசைப்படுத்தினால், அகரவரிசையில் கடைசியாக வர வேண்டிய னகரம் நகரத்தை அடுத்து வந்து நிற்கிறது, றகரமும் லகரத்தை முந்திக்கொள்கிறது. யூனிகோடு வரிசை அப்படி என்பது தெரியும். நம் பள்ளி வருகைப்பதிவேட்டு வரிசையைக் கொண்டுவர எளிய வழி என்ன என்று 58ஆம் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
இதுவரை சாவி வைத்திருந்தவன்