கரண்டு போன இசைத்தட்டு

எர்ன்ஸ்ட் புஷ் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெயரைச் சொன்னாலே "அமெரிக்க ஜனாதிபதியா?" என்கிறார்கள். இல்லைங்க, ஜெர்மன் நாடக நடிகர், பாடகர் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அந்த அலுப்பில்தான் உங்களுக்கே எழுத உட்கார்ந்தேன்.

நான் உங்களிடம் வந்து சேர்ந்தது ஒரு துண்டுச் சீட்டு வழியாக. ஸ்பெயின் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1938இல், குடியரசுக்காகப் போராட வெளிநாடுகளிலிருந்து வந்த தொண்டர்களின் சர்வதேசப் படையணிகள் பாடிய பாட்டுகளை பார்சலோனாவில் பதிவு செய்தீர்கள். மூன்று தட்டுகள், ஆறு பாட்டுகள். நடுநடுவே கரண்டு போயிற்று. அந்தத் தட்டுகளில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்: பதிவில் உள்ள குறைக்கு விமானத் தாக்குதலின்போது மின்சாரம் தடைபட்டதே காரணம் என்று. தலைக்கு மேல் குண்டு விழுகிற ஊரில் ஒலித்தரத்துக்கு விளக்கம் எழுதியவர் யாரோ, அவரையும் எனக்குப் பிடித்துப்போயிற்று.

அந்தத் தட்டுகளில் ஒரு பாட்டு, 1933இல் ஜெர்மன் வதைமுகாம் கைதிகள் கட்டியது. சதுப்பு நிலத்தில் மண்வெட்டியோடு நடப்பவர்களின் பாட்டு. நீங்கள் அதில் அழவே இல்லை. குழைவு கிடையாது, இழுப்பு கிடையாது. ஒவ்வொரு சொல்லும் தட்டி இறக்கியது போல விழுகிறது. கீல் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் இயந்திர ஃபிட்டராகத் தொழில் கற்றவர் அல்லவா நீங்கள்! பாட்டையும் அப்படித்தான் பொருத்துகிறீர்கள்.

பெர்லினில் இயக்குநர் பிஸ்காட்டரின் மேடை, இசையமைப்பாளர் ஐஸ்லரின் பியானோ, 1931இல் வந்த 'மூன்று காசு ஓபரா' படத்தில் தெருப்பாடகர் வேடம் என்று ஏறிக்கொண்டிருந்த வாழ்க்கை, 1933இல் ஹிட்லர் வந்ததும் ஓட்டமாகிவிட்டது. ஹாலந்து, பெல்ஜியம், மாஸ்கோ, ஸ்பெயின். அப்புறம் பிரான்சின் குர்ஸ் தடுப்பு முகாம். அங்கிருந்து சுவிஸ் எல்லை நோக்கித் தப்பும்போது பிடிபட்டு நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ கையில் சிக்கினீர்கள்.

1943 நவம்பரில் பெர்லின் மோவாபிட் சிறையில் நீங்கள் இருந்தபோது குண்டு விழுந்தது. இந்த முறை வீசியது நேச நாட்டு விமானங்கள். மண்டையில் பலத்த காயம். முகத்தில் ஒரு பாதி செயலிழந்தது. தேசத்துரோக வழக்கில் மரண தண்டனை நிச்சயம் என்றிருந்த நிலையில், நாஜிகளின் செல்லப் பிள்ளையாக நாடக அரங்கை ஆண்டுகொண்டிருந்த உங்கள் பழைய நண்பர், நடிகர் குஸ்டாஃப் க்ரூண்ட்கென்ஸ் தலையிட்டார். நான்கு ஆண்டுச் சிறையோடு உயிர் தப்பியது. போர் முடிந்து அவர் சோவியத் காவலில் கிடந்தபோது, அவருக்காகப் பேசியவர்களில் நீங்களும் ஒருவர்.

அந்த முகத்தோடு மறுபடி மேடையேறினீர்கள், அதைத்தான் நினைத்து நினைத்து மாளவில்லை. நடிகனுக்கு முகம்தானே முதல்! 1953இல் ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'வில் வில்லன் இயாகோ, 1954இல் நாடகாசிரியர் பிரெக்டின் 'வெண்கட்டி வட்டம்' நாடகத்தில் நீதிபதி அஸ்டாக், கதை சொல்லும் பாடகர் என்று இரண்டு வேடமும், 1957இல் அதே பிரெக்டின் நாடகத்தில் கலிலியோ. கலிலியோவின் புகைப்படங்களை நான் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். அசையாத பாதியை நீங்கள் ஒளிக்கப் பார்க்கவில்லை.

ஒரு மனத்தாங்கலும் உண்டு. 'கட்சி எப்போதும் சரியே' என்று கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சியைப் புகழும் அந்தப் பாட்டை ஏன் பாடினீர்கள்? எத்தனையோ தடவை முயன்றும் பாதிக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. அதே கட்சியோடு உங்களுக்கே பிறகு ஒத்துப்போகவில்லை. நீங்கள் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனமும் அரசின் கைக்குப் போயிற்று. அந்தப் பாட்டுக்கு மட்டும் கரண்டு போயிருக்கலாம்.

சரி, கடைசியாக ஒரு கேள்வி. 1954இல் கதேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்தில் சாத்தான் மெஃபிஸ்டோவாக நடித்தீர்கள். க்ரூண்ட்கென்ஸ் பெயர் வாங்கிய வேடமே அதுதான். ஒப்பனை அறையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பாதி முகத்துக்குச் சாயம் பூசும்போது, அவர் ஞாபகம் வந்ததா?

அன்புடன்,
உங்கள் ரசிகன்