ரசமட்டம் கொடுத்து அனுப்புகிறேன்

அன்பு மகளுக்கு,

இங்கு எல்லோரும் நலம். நேற்று போனில் நீ பேசியதில் பாதி, பின்னால் ஓடிய மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. துணி பிழியும்போது வாஷிங் மெஷின் ஒரு முழம் நகர்ந்து வந்து கதவை மறிக்கிறது, தரை போட்ட கொத்தனாரை உதைக்க வேண்டும் என்றாய். அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

40 வருஷம் கொத்துக்கரண்டி பிடித்தவன் சொல்கிறேன், அவர்மேல் தப்பில்லை. தண்ணீர் புழங்கும் இடத்தில், அது வழிந்தோட வாட்டம் (சரிவு) விட்டுத்தான் தளம் போடுவோம். அடிக்குக் கால் அங்குலம் வரைகூட இறக்குவதுண்டு. உன் மெஷின் இரண்டடி அகலம்; ஒரு பக்கம் அரை அங்குலம் தாழத்தான் செய்யும். வாட்டம் இல்லாமல் தண்ணீர் தேங்கியிருந்தால் அதற்கும் கொத்தனாரைத்தான் திட்டியிருப்பாய்.

மெஷினுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகியிருக்கிறாய் அல்லவா, அதை முதலில் உருவிப் போடு. நனைந்தால் கூழாகிவிடும். மெஷினுக்கு இருப்பதே திருகுக் கால்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தாழ்ந்த பக்கத்தை மாப்பிள்ளை சற்றே தூக்கிப் பிடிக்கட்டும். 60, 70 கிலோ இருக்கும், நீ தனியாகத் தூக்காதே. (துள்ளாமல் இருக்க உள்ளே காங்கிரீட் கட்டி வைக்கிறார்கள். பார், அங்கேயும் எங்கள் சரக்குதான்.) காலை இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டை ஸ்பேனரால் தளர்த்தி, காலைத் திருகி இறக்கு. வேண்டிய அளவுக்கு மட்டும். கால் நீள நீள ஆட்டம் கூடும்.

மெஷின் மேலே ரசமட்டத்தை (மட்டம் பார்க்கும் குமிழ்க் கருவி) இடவலமாக ஒரு தடவை, முன்பின்னாக ஒரு தடவை வைத்துப் பார். குமிழ் இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்க வேண்டும். அதோடு விட்டுவிடாதே. எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றி அமுக்கிப் பார். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது; நாலு காலில்தான் ஒன்று ஏமாற்றும். குமிழ் ஒழுங்காக நிற்கும், ஒரு கால் மட்டும் தரையைத் தொடாமல் சும்மா தொங்கும். நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றும்போது மெஷின் நடக்கக் கேட்பானேன்! நாலும் ஊன்றியபின் லாக் நட்டை மேலேற்றி, மெஷின் அடியோடு சேர்த்து இறுக்கு. இதை மறந்தால் பத்து நாளில் பழைய கதை.

அப்புறம், வீடு மாற்றும்போது டிரம் ஆடாமல் இருக்கப் பின்பக்கம் போல்ட் போட்டிருந்தால், அதைக் கழற்றிவிட்டார்களா என்றும் பார். அது இருக்கும்வரை மட்டம் பார்த்துப் பயனில்லை.

அம்மா அனுப்பும் பையில், முறுக்கு டப்பாவுக்கு அடியில் ரசமட்டத்தைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் மாப்பிள்ளை ஊருக்கு வரும்போது கொடுத்துவிடு. மாடிப்படி வேலை ஒன்று ஒத்துக்கொண்டிருக்கிறேன், அம்மாவிடம் சொல்லாதே.

அப்பா